கண்மாய்க்கரையில் குறைந்துபோன ஒரு பர்லாங்

மைல்கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டுக்கொண்டு வருகிறார்கள். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் பாதி தூரம் வேலை முடிந்துவிட்டது. பிடுங்கிய கற்களில் ஒன்று எங்கள் தெரு டீக்கடை வாசலில் கிடக்கிறது. அதன்மேல் உட்கார்ந்துதான் நான் காலையில் டீ குடிக்கிறேன். எனக்கும் மைல்கற்களுக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு என்பதால், அதன்மேல் உட்காருவதில் எனக்கு ஒரு தனித் திருப்தி.

போன வாரம், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் இரண்டு பேர் என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்தார்கள். பழைய மோட்டார் சைக்கிள்களின் ஸ்பீடாமீட்டரில் மைல் கணக்குதானே இருக்கிறது, அதைக் கிலோமீட்டருக்கு மாற்றிக் கேட்கிறார்களாம். அட்டையை மாற்றி எழுதிவிட்டு, புதுக் கல்லுக்குக் கல் ஓட்டிப் பார்த்து, ஊசியைச் சரிசெய்தால் போதுமா என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“கல்லைக் கல்லுன்னு நம்பிட்டீங்களாக்கும்?” என்றேன்.

கிழவனுக்கு எங்கேயோ ஒரு நட்டு கழன்றுவிட்டது என்பதுபோல இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கோபத்தில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் பேசினேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நாங்கள் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு மீட்டரால், செல்லையா என்ற பஸ் டிரைவரின் லைசென்ஸ் பறிபோன விஷயம் இது. இரண்டாம் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி நடந்தது.

நான் தொழில் கற்ற வருஷங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சு ஆலையில் இஞ்சினுக்கு எண்ணெய் விட்டேன், பஸ்ஸில் கிளீனராகத் தொங்கினேன், பிறகு ராஜபாளையத்தில் வேங்கட ராஜாவின் ஒர்க் ஷாப்பில் போய் நின்றேன். அங்கேயேதான் என் தலை நரைத்தது. அவரை ஊரே ராஜா என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். என் பெயர் ஏசுதாசன். அவருக்கு நான் தாசு.

ராஜாவைப் போல ஒரு மெக்கானிக்கை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டியோடு வேலை செய்வார். அதில் ஒரு சொட்டு ஆயில் இருக்காது. நாங்கள் எல்லாரும் கரிச்சட்டியில் புரண்டு எழுந்தவர்கள் மாதிரி இருப்போம். மீட்டரைப் பிரிப்பதற்கு முன்னால் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவுவார். துவைத்த பழைய துணி ஒன்றைப் பலகையில் விரிப்பார். ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு சோடாபாட்டில் மூடி, கழற்றிய வரிசையிலேயே அடுக்கியிருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நாங்கள் அவசரப்பட்டால் “ஆகு, ஆகு” என்பார். நிறுத்து என்று அர்த்தம். எங்களைத் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்ப நேரம் துடைத்தால் நாங்கள் பயந்துகொள்வோம்.

மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று யார் வந்தாலும் முதலில் ஊசியில் கை வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். அந்தக் காலத்து வண்டிகளில் முன் சக்கரத்தின் நடுவே உள்ள குடத்தில் ஒரு பல்வளையம் இருக்கும். அது பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் ஒன்றைச் சுற்றும். பினியன் ஒரு கேபிளை முறுக்கும். கேபிள் மேலே ஏறி மீட்டர் தலைக்குள் போய் ஊசியையும் மைல் எண்களையும் ஓட்டும். ஆகவே சோதனையும் கீழிருந்து மேலே போக வேண்டும். ஓடிய மைல் எண்ணும் தப்பு, ஊசியும் அதே அளவுக்குத் தப்பு என்றால் கோளாறு கீழே சக்கரத்தில் இருக்கிறது. மைல் எண் சரியாக இருந்து ஊசி மட்டும் பொய் சொன்னால் கோளாறு மேலே தலைக்குள், மயிர்போன்ற ஒரு ஸ்பிரிங்கில். ஊசி ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கினால் கேபிளுக்குள் கிரீஸ் காய்ந்துவிட்டது, அல்லது கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது. இவ்வளவுதான் சாத்திரம். இப்போதும் இதுதான்.

கடைசியாக, ரோட்டில் ஓட்டிப் பார்ப்போம். ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் கண்மாயை ஒட்டி நல்ல நேரான ஒரு மைல் இருந்தது. மேடு பள்ளம் இல்லை, திருப்பம் இல்லை, தூரத்தில் தெரியும் கோபுரத்தைக் குறிவைத்து ஆக்ஸிலேட்டரை அசைக்காமல் பிடித்துக்கொண்டு போகலாம். ஒருவர் ஓட்டுவார், ராஜா பின்னால் உட்கார்ந்து கல்லுக்குக் கல் ஸ்டாப் வாட்சில் நேரம் பார்ப்பார். மலைக்காற்று செண்பகத்தோப்புப் பக்கமிருந்து அடித்துத் தள்ளும் என்பதால், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பார்த்து இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவார். அவ்வளவு கவனம்.

சப்-இன்ஸ்பெக்டர் சாமுவேலின் வண்டி எங்களிடம் வந்தது அப்படித்தான். அவர் எங்கள் சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டைக் கொஞ்சம் முந்திக்கொண்டு பாடுகிறவர். பட்டாளத்திலிருந்து போலீசுக்கு வந்த குடும்பம். மோட்டார் சைக்கிளைப் பெண்டாட்டியைவிட நன்றாக வைத்திருக்கிறார் என்று அவர் பெண்டாட்டியே சொல்லிக் கேட்டிருக்கிறேன். முன் டயர் தேய்ந்துபோய், அதே அளவு கிடைக்காமல், ஒரு சைஸ் பெரியதை வாங்கி மாட்டியிருந்தார். பெரிய டயர் ஒரு மைலுக்குக் குறைவான சுற்றுத்தான் சுற்றும். அதனால் மீட்டர் குறைத்துக் காட்டும். எங்கள் நேர்மைலில் ஓட்டிப் பார்த்தோம். நினைத்தது போலவே குறைத்துக் காட்டியது. மீட்டர் கூடுதலாக ஓடுவதற்காக ராஜா பல் குறைந்த பினியனைத் தேடி மாட்டினார். மறுபடி ஓட்டினோம். கல்லும் மீட்டரும் கைகோத்துக்கொண்டு வந்தன. ‘மீட்டர் சரியாக உள்ளது’ என்று எழுதி ராஜா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சமயம் பஸ்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு ஓடி இரண்டு மூன்று பேரைச் சாய்த்துவிட்டதால், மேலிடத்திலிருந்து ஏகக் கெடுபிடி. முப்பது மைல் வேகத்துக்கு மேல் போனால் லைசென்ஸ் போய்விடும் என்று பேச்சு. சாமுவேல் பஸ்ஸுக்குப் பின்னால், இடைவெளி கூடாமல் குறையாமல் ஒரு மைல் தொடர்ந்து ஓட்டி, தன் ஊசி எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கேஸ் எழுதுவார். அதில் செல்லையா மாட்டினான்.

செல்லையா என் வயசுக்காரன். நான் கிளீனராக இருந்த காலத்திலேயே பழக்கம். பஸ்ஸில் மீட்டர் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும், அதில் அவன் பீடிக்கட்டு வைத்திருப்பான். வேகத்தைக் காதால் கேட்டுத்தான் ஓட்டுவான். இஞ்சின் ஒரு சுருதியில் முனகினால் இருபத்தைந்து, அது கொஞ்சம் ஏறிப் பலகைகள் கடகடக்க ஆரம்பித்தால் முப்பது. அதற்குமேல் போக மாட்டான். ரோட்டில் போகிற எந்த வண்டியின் வேகத்தையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அவன் பஸ் என்றால் பிள்ளைத்தாச்சிகளைக்கூட நம்பி ஏற்றிவிடுவார்கள். அதில் அவனுக்கு ஒரு கர்வமும் உண்டு.

சாமுவேலின் ஊசி முப்பத்துநான்கு காட்டியது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்கு வந்தபோது மீட்டரைப் பற்றிச் சொல்ல ராஜாவைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். ராஜா சோதித்த விதத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். காற்றுக்காக இரண்டு பக்கமும் ஓட்டியதைச் சொன்னபோது மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

செல்லையாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். அவன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “எசமான், எங் காதுக்கு முப்பதுக்கு மேல தெரியலீங்க” என்றான்.

“காதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதப்பா” என்றார் மாஜிஸ்திரேட். அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. லைசென்ஸை ரத்து செய்தார்.

வெளியே வந்ததும் செல்லையா நேரே ராஜாவிடம் வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். அவன், “ராஜா, மீட்டரு பொய் சொல்லாதுல்லா?” என்று மட்டும் கேட்டான். “சொல்லாதுப்பா” என்றார் ராஜா. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அதற்கடுத்த வாரமே பஞ்சு ஆலையில் பொதி தூக்கப் போய்விட்டான்.

சில மாசம் கழிந்தது. ஒரு நாள் சாமுவேல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார்.

“ராஜா, மருதைக்குப் போய்ட்டு வந்தேன். கல்லு அம்பது மைல் சொல்லுச்சுன்னா எம் மீட்டரு அம்பத்தேழு சொல்லுது. செத்த பாருங்க.”

ராஜா எங்கள் நேர்மைலுக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொன்னார். போனோம். மீட்டர் கச்சிதமாக ஒரு மைல் காட்டியது. திரும்பி வந்தோம், அப்போதும் ஒரு மைல். சாமுவேல் தான்தான் தப்பாகப் பார்த்திருப்பேன் என்று சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். ராஜா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“தாசு, அந்தப் பழைய டயரு கெடக்கா?”

மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. ராஜா முதலில் வண்டியில் இருந்த பெரிய டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடு, அதற்கு நேரே தரையில் ஒரு கோடு போட்டார். ஆள் உட்கார்ந்தால்தான் டயர் நசுங்கி நிஜமான அளவு தெரியும் என்று சாமுவேலையே ஏறி உட்காரச் சொன்னார். ஒரு முழுச் சுற்று உருட்டி, கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் அடையாளம் வைத்தோம். பிறகு பழைய டயரை மாட்டி அதையும் அப்படியே உருட்டினோம். நாங்கள் பினியனை மாற்றிய அளவுக்கு நியாயம் இருக்க வேண்டுமானால் இரண்டு அடையாளங்களுக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இருக்க வேண்டும். இருந்தது இரண்டு விரல் அகலம்.

“டயரு அம்புட்டுப் பெருசாகலையே” என்றார் ராஜா. “அப்ப அன்னைக்கு மீட்டரு எதுக்கு அம்புட்டுக் கொறச்சுக் காட்டுச்சு?”

டயர் பெரிது, மீட்டர் குறைக்கும் என்று எதிர்பார்த்தோம், குறைத்தது. எதிர்பார்த்தது நடந்துவிட்டால் மனுஷன் அதற்குமேல் ஏன் துருவப் போகிறான்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் மறுபடி கண்மாய்ப் பக்கம் போனோம். ராஜா மைல்கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். யாராவது பிடுங்கி நட்டிருக்கிறார்களா என்று அடிமண்ணைக் கீறிப் பார்த்தார். கல் ஊன்றிய இடத்தில் அசையாமல் இருந்தது. அந்த நேரத்தில் சாமுவேலுக்கு அவசரம். கரையில் ஏறிக் கருவேலம்புதருக்குப் பின்னால் மறைந்தார். செத்த நேரத்தில் அங்கிருந்தே குரல் வந்தது.

“தாசு, இங்கன ஒரு பர்லாங் கல்லுல்லா நிக்கி.”

எட்டு பர்லாங் ஒரு மைல். மைல்கல்லுக்கும் மைல்கல்லுக்கும் நடுவே பர்லாங்குக்கு ஒரு சின்னக் கல் நட்டிருப்பார்கள். எங்கள் நேர்மைலில் அவை இல்லை, துவைக்கிற கல்லுக்கு யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். ராஜாவும் நானும் கரைமேல் ஏறினோம். முள்ளுக்குள் ஒரு கல், வளைவில் தள்ளி இன்னொரு கல், அதற்கப்பால் இன்னொன்று. வரிசையாக, கண்மாயைச் சுற்றிக்கொண்டு போயின.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய சாலை அந்தக் கரைமேல்தான் வளைந்து போகும். நானே கிளீனராக அதில் போயிருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் கரை உடைந்த பிறகு, கண்மாய்க்கு வெளியே நேராகப் புதுச்சாலை போட்டுவிட்டார்கள். இரண்டு முனையிலும் இருந்த மைல்கற்களை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒன்றை நகர்த்தினால் செங்கோட்டை வரைக்கும் எல்லாவற்றையும் நகர்த்தியாக வேண்டுமே, யார் செய்வார்கள். சர்வேச் சங்கிலி வாங்கிவந்து புதுச்சாலையை அளந்தோம். அது மைலே இல்லை. ஏழு பர்லாங்தான் இருந்தது.

நேராக இருக்கிறதே என்றுதான் அந்த இடத்தைச் சோதனைக்குப் பிடித்தோம். நேராக்கியதால்தான் அது குறைந்துபோயிருந்தது. குறைந்த மைலுக்குப் பொருந்தும்படி மீட்டரை முடுக்கிவிட்டோம், அது அன்றிலிருந்து எல்லாவற்றையும் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் சாலை நேரானது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஊருக்கே தெரியும்.

கரைமேல் உட்கார்ந்து ராஜா சுள்ளியால் மண்ணில் கணக்குப் போட்டார். முப்பத்துநான்கில் எட்டில் ஒரு பங்கைக் கழித்தார். விடை முப்பதுக்கு ஒரு நூல் கீழே வந்தது. செல்லையாவின் காது சொன்னது அதுதான்.

ஆலை வாசலில் அவன் பொதி தூக்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டு போகிறவன் நான்.

சாமுவேல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “இந்த விசயம் நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்” என்றார். மறைக்க வேண்டும் என்று சொன்னாரா, பாரம் தாங்காமல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“நாலு பேரு” என்றார் ராஜா. “அவன் காதுக்கு மொதல்லயே தெரியும்.”

அன்றைக்கே இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனார்கள். தான் கொடுத்த சான்று தப்பு என்று ராஜா தன் வாயாலேயே சொன்னார். தன் கேஸ் நிற்காது என்று சாமுவேல் பக்கத்திலேயே நின்று சொன்னார். போலீஸ் வேலையில் அது லேசான காரியமில்லை. அவருக்கு மேலிடத்தில் என்ன கிடைத்தது என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை. எங்களுக்கு வாடிக்கைக்காரர்கள் குறைந்தார்கள். ‘மைல் தெரியாத ராஜா’ என்று பஸ்காரர்கள் கேலி பேசினார்கள். அதையும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். அந்தச் சாலையில் நாங்கள் சோதித்த வண்டிகளை எல்லாம் ஆள்விட்டு அழைத்துத் திரும்பச் சரிசெய்து கொடுத்தோம். நல்ல இடம் ஒன்றைச் சங்கிலியால் அளந்து, இரண்டு முனையிலும் எங்கள் சொந்தக் கல்லை ஊன்றினோம்.

செல்லையாவின் லைசென்ஸ் திரும்பி வந்தது. பஸ் முதலாளியும் வரச்சொன்னார். அவன் போகவில்லை.

ராஜாவும் நானும் சாமுவேலின் வண்டியில் ஆலைக்குப் போனோம். அவன் தலையெல்லாம் பஞ்சு. ராஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “மீட்டரு பொய் சொல்லிருச்சுப்பா. என்னை மன்னிச்சுக்கோ” என்றார். அவன் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

“அது கெடக்கட்டும் ராஜா. எனக்கு வண்டி வேண்டாம்.”

“ஏன்ல?” என்றேன் நான்.

“அன்னைக்கு நான் வேகமாத்தான் போயிருக்கேன்னு நானே நம்பிட்டேன்லே தாசு. வீட்டுலயும் அப்படித்தான் சொன்னேன். எங் காது கெட்டுப்போச்சு, இத்தன நாளும் சனங்கள வச்சுக்கிட்டு இப்படித்தான் ஓட்டிருக்கேன்னு ராத்திரியெல்லாம் ஒறக்கம் வராது. இப்ப இல்லைங்கீக. எனக்கு இப்ப எதைக் கேட்டாலும் ஒண்ணும் தெரியலை.”

லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கோர்ட்டு இருக்கிறது. இதை எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பது. ராஜா அவன் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார்.

“சரி, எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. சாமுவேல் வண்டி மீட்டரத் திரும்பச் சரிபண்ணிருக்கேன். ரோட்டுல பாக்கணும். தாசுக்குப் பின்னால நீ உக்காரு, போதும்.”

அது பொய். மீட்டரை முந்தின நாளே எங்கள் கற்களுக்கு நடுவே பார்த்து முடித்துவிட்டோம். வண்டியை எடுத்தேன். செல்லையா பின்னால் ஏறிக்கொண்டான். என் முதுகு மறைப்பதால் அவனுக்கு மீட்டர் தெரியாது.

எங்கள் முதல் கல் தாண்டியது. வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். “இப்ப எம்புட்டு இருக்கும்?” என்று கேட்டேன். “எங்கிட்ட எதுக்குலே கேக்க, மீட்டரப் பாரு” என்றான். நானும் விட்டுவிட்டேன். பனைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கையை மெதுவாகத் திருகிக்கொண்டே போனேன். ஒரு சுருதிக்கு வந்ததும் அவன் கை என் தோளில் விழுந்தது.

“போதும். கூட்டாத. இதான் முப்பது.”

நான் குனிந்து பார்த்தேன். ஊசி முப்பதில் நின்றது.

வண்டியை நிறுத்திக் காட்டலாம் என்றால், நிறுத்தினால் ஊசி கீழே விழுந்துவிடும். ஆகவே கையை அசைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்தேன். அவன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். எங்கள் இரண்டாவது கல்லும் தாண்டிவிட்டது. எனக்குக் கழுத்து வலித்தது, நிமிரவில்லை.

கடைசியில் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்.

“வண்டியத் திருப்புலே. பஸ் ஷெட்ட விட்டு மொதலாளி போயிருவாரு.”